டைட்டானியம் ரோடு சைக்கிளில் அகல டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெவே ஓட்டி முடித்து டீக்கடையில் காலை நீட்டி உட்காரும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "அண்ணா, அடுத்து டைட்டானியம்தான்." (பிரெவே என்பது நேரக்கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம், 200 கி.மீ.க்கு 13½ மணி, 600க்கு 40 மணி.) அடுத்த நொடியே டயர், மட்கார்டு, பிரேக் என்று கேள்விகள் வரிசை கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதுகெல்லாம் சேறு தெறித்தவர்கள் கேட்கிற கேள்விகள் அவை. ஒரே பதிலைப் பத்து தடவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

டைட்டானியம்னாலே பெரிய டயர் போகும்தானே அண்ணா?

இல்லை. உலோகத்துக்கும் இடைவெளிக்கும் சம்பந்தமே கிடையாது. 1990களிலும் 2000களிலும் வந்த டைட்டானியம் ரோடு பிரேம்களில் பெரும்பாலானவை பந்தயத்துக்கென்று செய்தவை. 23 மி.மீ. டயரை மனதில் வைத்துக் குழாய்களை வளைத்திருப்பார்கள். 25 போகும், 28 போட்டால் பல பிரேம்களில் உரசும். பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு டயரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் அதிகம்.

டயருக்கு இடம் தருவதும் மறுப்பதும் நான்கு இடங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் சேரும் கிரவுனுக்கு அடியில் ஒன்று. சீட்டுக்குக் கீழிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாய்களுக்கு நடுவே இருக்கும் பாலம் இன்னொன்று. மூன்றாவது, பெடல் அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய்களின் உட்பக்கம். நான்காவது பிரேக். இந்த நாலில் எது குறுகலோ அதுதான் உங்கள் சைக்கிளின் டயர் அளவு. மற்ற மூன்றிலும் யானை போகிற வழி இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அப்புறம் எதுக்கு டைட்டானியம்? ஸ்டீல்லயே வாங்கிடலாமே?

தாராளமாக வாங்கலாம். பணம் மிச்சம். டைட்டானியத்துக்கு நான் சொல்லும் முதல் காரணம் துரு. சென்னை ஈசிஆரில் வருஷம் முழுக்க உப்புக்காற்றில் ஓட்டுகிறோம். பெயின்ட் உரிந்த இடத்தில் ஸ்டீல் பழுப்பாக வெடிக்கும். மட்கார்டு போட்டால் அதன் கம்பிகள், நட்டுகள் எல்லாம் பெயின்ட்டை இன்னும் சுரண்டும். டைட்டானியத்துக்குப் பெயின்ட்டே வேண்டாம். கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணியால் ஒரு தேய் தேய்த்தால் போதும். இரண்டாவது எடை: ஒரு கன செ.மீ. ஸ்டீல் சுமார் 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம்.

"மெத்து மெத்துன்னு ஓடும்" என்று சொல்வதைப் பாதி நம்புங்கள். டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய பாதி என்பது உண்மைதான். ஆனால் அதை ஈடுகட்டக் குழாயைத் தடிமனாகச் செய்கிறார்கள், அதனால் அந்த மெத்து பெரிதும் அடங்கிவிடுகிறது. 25லிருந்து 32க்கு மாறி காற்றைக் குறைத்தால் கிடைக்கும் சுகத்துக்கு முன் பிரேம் தரும் சுகம் கொசுறு. அதனால்தான் உலோகத்தை விட இடைவெளியை முதலில் பாருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். இந்த பிரேம் துருப்பிடித்துச் சாகாது, முப்பது வருஷம் உங்களோடு இருக்கும். குறுகலாக வாங்கினால் குறுகலும் முப்பது வருஷம் இருக்கும்.

சொல்ல மறந்தேன், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். உலகத்தில் வெட்டியெடுக்கும் இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமியாகத்தான் போகிறது, உலோகமாவது கொஞ்சம். தாது மலிவு, அதை உலோகமாக்குவதும் வெல்டு வைப்பதும்தான் செலவு.

எனக்கு எத்தனை எம்எம் வேணும்? ஒரே நம்பரா சொல்லுங்க.

32, மட்கார்டோடு. நம் ஊர் நெடுஞ்சாலை ஓரமும் ஸ்பீட் பிரேக்கரும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நல்ல ரோட்டில் மட்டும்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கு 28 போதும்.

ஒரு எச்சரிக்கை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண் உண்மையான அகலம் அல்ல. அகலமான ரிம்மில் ஏற்றினால் டயர் விரியும். ரிம்மின் உள் அகலம் ஒரு மி.மீ. கூடினால் டயர் சுமார் 0.4 மி.மீ. அகலமாகும். 28 என்று எழுதிய டயரை என் 21 மி.மீ. ரிம்மில் ஏற்றி வெர்னியர் வைத்தபோது 30 காட்டியது. புது டயர் ஓட ஓட இன்னும் கொஞ்சம் ஊதும்.

கம்பெனி "35 எம்எம் வரை போகும்"னு போட்டிருக்கான். அப்ப மட்கார்டோட 32 போகும்ல?

போகலாம், போகாமலும் இருக்கலாம். கணக்கு இது. "35 போகும்" என்று சொல்லும்போது நல்ல கம்பெனிகள் டயரின் இரு பக்கமும் 4 முதல் 6 மி.மீ. காற்றிடம் விட்டுத்தான் சொல்வார்கள். கல் ஒட்டிக்கொண்டால், சக்கரம் லேசாக வளைந்தால் உரசக்கூடாதல்லவா? பக்கத்துக்கு 5 என்றால் 35 + 5 + 5 = 45 மி.மீ. உள் அகலம். 32 டயருக்குப் பொருத்தமான மட்கார்டு பொதுவாக 45 அகலம். ஆக அது தொட்டும் தொடாமலும் நுழையும். மேலே கிரவுனுக்கு அடியில் வேறு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு 8, 10 மி.மீ. வேண்டும், அதற்கு மேல் மட்கார்டின் தடிமன், போல்ட்டின் தலை.

அதனால் கைக்கணக்கு: விளம்பர எண்ணிலிருந்து 5 கழியுங்கள். 35 என்றால் மட்கார்டோடு 30. 40 என்றால் மட்கார்டோடு 35. இரண்டு எண்களையும் தனித்தனியாகப் போடும் கம்பெனி இருந்தால் அவர்கள் நிஜமாகவே மட்கார்டு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று நம்பலாம். பிரிட்டன்காரர்கள் இதில் ஒழுங்கு. அங்கே குளிர்காலம் முழுக்க ஈரம், குழுவாக ஓட்டும்போது மட்கார்டு இல்லாமல் முன்னால் போனால் பின்னால் வருபவர் வாயில் சேறு. அதனால் மட்கார்டு போகும் ரோடு சைக்கிள் அங்கே தனி ரகமாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கப் பக்கங்களில் தேடும்போது மட்கார்டு என்று தேடாதீர்கள். அவர்கள் ஃபெண்டர் என்பார்கள்.

பழைய ரிம் பிரேக் டைட்டானியம் பிரேம் சல்லிசா வருது. மடக்கிப் போட்டுடலாமா?

பிரேக் எந்த ரகத்துக்கான பிரேம் என்று தெரியாமல் மடக்காதீர்கள். சாதாரண ரோடு பிரேக்கில் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை உள்ள நீளம் 39 முதல் 49 மி.மீ. இதைக் குறுங்கை பிரேக் என்று வைத்துக்கொள்வோம். இதற்கான பிரேமில் 25, அதிர்ஷ்டம் இருந்தால் 28. மட்கார்டை மறந்துவிடுங்கள்.

அடுத்த ரகம் 47 முதல் 57 மி.மீ. இதற்கென்றே செய்த பிரேமில் 28 டயரும் மட்கார்டும் நிம்மதியாக உட்காரும், மட்கார்டைக் கழற்றினால் 32 போகும். 57 ரக டைட்டானியம் பிரேம் உங்கள் அளவில் சல்லிசாகக் கண்ணில் பட்டால் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், வாங்கிவிடுங்கள். நான் பார்த்தால் நான் வாங்கிவிடுவேன்.

குறுங்கை பிரேம்ல நீளமான பிரேக்கை மாட்டிட்டா இடம் வந்துடும்ல?

வராது. நிறைய பேர் செய்யும் தப்பு இது. பிரேக் போல்ட்டுக்கான ஓட்டை பாலத்தில் இருக்கிறது. பாலம் வெல்டு வைத்து நிற்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறதோ அதிலிருந்து ரிம் வரை உள்ள தூரம் மாறாது. நீளக்கை பிரேக்கை மாட்டினால் கட்டைகள் ரிம்மைத் தாண்டிக் கீழே தொங்கும், அவ்வளவுதான்.

டிஸ்க் பிரேக்னா பிரச்சினையே இல்லையே?

கால்வாசிப் பிரச்சினைதான் தீரும். முதல் பதிலில் சொன்ன நாலில் ஒன்றை டிஸ்க் அடித்துவிடுகிறது. மீதி மூன்று அப்படியே. அதிலும் செயின்ஸ்டேதான் வில்லன். குழாய் டயருக்கும் செயின்ரிங்குக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது: உள்ளே தள்ளினால் டயர், வெளியே தள்ளினால் பல்சக்கரம். கார்பனில் வேண்டிய வடிவத்தில் அச்சு ஊற்றிக்கொள்ளலாம். டைட்டானியத்தில் குழாயை நசுக்கி, வளைத்துத்தான் இடம் பண்ண வேண்டும்.

பந்தய பிரேமில் செயின்ஸ்டே 405–415 மி.மீ. நீளம் இருக்கும். அகல டயருக்கான பிரேமில் 420–430. வரைபடத்தில் இந்த எண்ணைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். 52 பல் செயின்ரிங் பழக்கம் உள்ளவர்கள், அந்த பிரேமில் அது நுழையுமா என்று தனியாகக் கேளுங்கள். 46, 30 பல் கொண்ட சின்ன ஜோடிக்கு மட்டும் இடம் விட்ட பிரேம்கள் உண்டு.

டிஸ்க்கில் இன்னொரு தொல்லை: மட்கார்டின் கம்பி நேராகப் போக வேண்டிய வழியில் பிரேக் காலிபர் உட்கார்ந்திருக்கும். கம்பியை வளைத்துக் கொண்டுபோக வேண்டும். புதிய பிரேம்களில் பின் காலிபர் செயின்ஸ்டேயின் மேலேயே படுத்திருக்கும். அதில் தொல்லை குறைவு.

பழைய பிரேம்ல கிராவல் ஃபோர்க் மட்டும் மாத்திக்கிட்டா?

கிராவல் என்பது மண், சரளை ரோட்டுக்கான அகல டயர் ரகம். அதன் ஃபோர்க்கை மாட்டினால் முன்னால் இடம் வரும், பின்னால் வராது. அதோடு ஓட்டமே மாறும். ரிம் பிரேக் ரோடு ஃபோர்க் அச்சிலிருந்து கிரவுன் வரை சுமார் 370 மி.மீ.; கிராவல் ஃபோர்க் சுமார் 395. 25 மி.மீ. உயர்ந்தால் முன்பக்கம் தூக்கி, ஹெட் டியூப் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன் குழாய்) ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். ஸ்டியரிங் சோம்பேறியாகும். மேலும் கிராவல் ஃபோர்க்கின் தண்டு பெரும்பாலும் அடியில் ஒன்றரை அங்குலமாக அகன்றிருக்கும். பழைய பிரேமின் ஹெட் டியூப் ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான நேர் தண்டுக்கானது. உள்ளேயே போகாது. 44 மி.மீ. ஹெட் டியூப் உள்ள பிரேம் என்றால் இரண்டு வகையும் போகும், அது நல்ல அமைப்பு.

பேசாம டைட்டானியம் கிராவல் பைக் வாங்கி ரோடு டயர் போட்டுக்கலாமே?

உண்மையைச் சொன்னால் பாதிப் பேருக்கு இதுதான் சரி. 45 போகும் பிரேமில் 32 டயரும் 45 மட்கார்டும் சும்மா விளையாடும். நஷ்டம்: இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கொஞ்சம் கூடுதல் தூரம், வளைவில் சற்று மந்தம். பிரெவே ஓட்டுபவருக்கு இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நேராகப் போகும் சைக்கிள்தான் தேவை. அதனால் இதை நஷ்டம் என்று எண்ணக்கூட எனக்கு மனமில்லை.

இருக்கிற பிரேம்ல 650பி சக்கரம் போட்டா அகல டயர் போகும்னு சொல்றாங்களே?

கணக்கு சரி, நிபந்தனை உண்டு. 700சி ரிம்மின் விட்டம் 622, 650பி 584. 622 + 28 + 28 = 678. 584 + 47 + 47 = 678. அதாவது சின்ன ரிம்மில் 47 டயர் போட்டால் மொத்த உயரம் 700×28க்குச் சமம். மேலே பாலத்தில் இடிக்காது. ஆனால் அகலம் 47 ஆயிற்றே? செயின்ஸ்டேயில் அந்த அகலம் வேண்டும். ரோடு பிரேமில் இருக்காது. ரிம் பிரேக் என்றால் ரிம்மே கீழே போய்விடுவதால் பிரேக் எட்டாது. டிஸ்க் பிரேம், அதுவும் 650பி போகும் என்று செய்தவரே சொன்ன பிரேம் என்றால் மட்டும்.

எந்த கம்பெனின்னு நேரா சொல்லுங்க.

பரிந்துரை இல்லை, தேட ஆரம்பிக்க ஒரு வரைபடம் மட்டும். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் சட்டனூகா பக்கம் இரண்டு பெயர்: லைட்ஸ்பீட், அதைத் தொடங்கிய குடும்பமே பிறகு 2006இல் தொடங்கிய லின்ஸ்கி. கொலராடோவில் மூட்ஸ், அவர்களுடைய ரவுட் 45 என்ற மாடலில் அந்த 45 டயர் அளவைக் குறிக்கிறது. இப்படிப் பெயரிலேயே விடை சொன்னால் எவ்வளவு நல்லது! மாசசூசெட்ஸில் செவன், உங்கள் அளவுக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். இங்கிலாந்தில் ரிப்பிள், எனிக்மா. நெதர்லாந்தில் வான் நிக்கோலஸ். மாடல்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஒரே பெயரில் இடைவெளியும் மாறும். ஆகவே மாடல் பெயரோடு எந்த வருஷத்தது என்றும் கேளுங்கள்.

சுங்க வரியையும் கப்பல் கூலியையும் பிரேம் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு கனவு காணுங்கள்.

சைனால அளவு குடுத்து செஞ்சு வாங்கலாம்ங்கிறாங்க. நம்பலாமா?

சியாமென் நகரத்து வால்ட்லி போன்ற பட்டறைகள் தனி ஆட்களுக்கும் செய்து தருகின்றன. நம் தேவைக்கு இது நல்ல வழி, ஏனென்றால் வரைபடம் உங்கள் ஒப்புதலுக்கு வரும். "700×35 டயர், 45 மி.மீ. மட்கார்டு, இரண்டும் ஒன்றாக" என்று எழுத்தில் கொடுங்கள், அந்த டயரும் மட்கார்டும் வரைபடத்திலேயே வட்டமாக வரைந்து வர வேண்டும் என்று கேளுங்கள். பாலங்கள் இரண்டும் (சீட்டுக்குக் கீழ் இறங்கும் குழாய்களுக்கு நடுவே ஒன்று, செயின்ஸ்டேக்களுக்கு நடுவே ஒன்று) டயரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும்; மட்கார்டு வளையாமல் உட்காரும். பாலத்தின் அடியில் மரை போட்ட ஓட்டையும் கேளுங்கள்.

உலோகக் கலவை இரண்டு வகை. 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த "3-2.5" தான் குழாய்களுக்கு வழக்கம். "6-4" இன்னும் கடினம், பெரும்பாலும் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காரும் துண்டு) போன்ற கட்டித் துண்டுகளுக்கு. வெல்டு வைக்கும்போது வெளியிலும் குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். காற்று பட்டால் வெல்டு நொறுங்கும் தன்மை கொள்ளும். வெள்ளி நிறமோ வைக்கோல் நிறமோ நல்லது. நீலம், ஊதா, சாம்பல் பொடி என்றால் விலகுங்கள். ஆனால் தூரிகையால் தேய்த்தும் வெள்ளியாக்கலாம் என்பதால் வெளி நிறம் மட்டும் சாட்சியாகாது.

பிரேம்ல மட்கார்டு மாட்ட ஓட்டையே இல்ல. துளை போட்டுக்கலாமா?

டைட்டானியத்திலும் வேண்டாம், கார்பன் ஃபோர்க்கில் வேண்டவே வேண்டாம். ரப்பர் வைத்த வளையக் கிளிப்பைக் குழாயில் சுற்றி அதில் கம்பியைப் பிடிக்கலாம். செயின்ஸ்டே பாலம் இல்லாவிட்டால் ஜிப் டை போதும். அசிங்கமாக இருக்கும், நன்றாக வேலை செய்யும்.

முன் மட்கார்டின் கம்பிக்கு, இழுத்தால் கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கிளிப் உள்ளதையே வாங்குங்கள். குச்சி ஒன்று டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிக்கினால் மட்கார்டு சுருண்டு ஃபோர்க்கில் அடைத்து முன் சக்கரம் நின்றுவிடும். ஆள் தலைகுப்புற. கிளிப் கழன்றால் ஒரு டடக் சத்தத்தோடு போகும்.

திரும்பும்போது ஷூ முன் மட்கார்டுல இடிக்குது. பிரேம் தப்பா?

சின்ன அளவு பிரேம்களில் சகஜம். அகல டயர், அதன்மேல் மட்கார்டு என்று முன் சக்கரம் உங்கள் காலை நோக்கி வளர்ந்துவிட்டது. வேகத்தில் ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது. யூ டர்ன் எடுக்கும்போதுதான் இடிக்கும். குள்ளமானவர்கள் வாங்குவதற்கு முன், பெடல் அச்சிலிருந்து முன் சக்கர அச்சு வரை உள்ள தூரத்தை வரைபடத்தில் பார்த்து, இப்போது ஓட்டும் சைக்கிளோடு ஒப்பிடுங்கள்.

கரிசல் காட்டுப் பக்கம் ஓட்டுறேன். மட்கார்டு நல்லதா கெட்டதா?

கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்த மறுநாள் மண் ரோட்டில் இறங்கினால் மட்கார்டு கெட்டது. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணித்து, நூறு அடியில் சக்கரத்தைப் பிடித்துவிடும். 10 மி.மீ. இடைவெளியெல்லாம் அதற்குத் தூசு. தார் ரோட்டிலேயே இருங்கள், அல்லது கழற்றிவிட்டுப் போங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது வேற என்ன பார்க்கணும்?

சீட் போஸ்ட் அசைகிறதா என்று முதலில் பாருங்கள். "டைட்டானியம்தானே, ஒட்டாது" என்று நினைத்து நான் ஏமாந்திருக்கிறேன். டைட்டானியம் அரிக்காது, அதற்குள் செருகிய அலுமினிய போஸ்ட் அரித்து, வெள்ளைப் பொடியாக ஊதி, குழாயோடு இறுகிவிடும். நான் வாங்கியதில் முந்தையவர் கிரீஸே தடவவில்லை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஹாக்ஸா பிளேடைக் குழாய்க்குள் விட்டு, போஸ்ட்டை உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்து, துண்டு துண்டாக உருவினேன். விரல் நுனி ஒரு வாரம் கருப்பாகவே இருந்தது. இப்போது எல்லா மரையிலும் ஆன்டி-சீஸ் பசை தடவுகிறேன்.

அடுத்து வெல்டு ஓரங்களில் விரிசல். துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முடி ஒட்டியது போல ஒரு கோடு தெரிந்தால், நகத்தால் சுரண்டியும் அது போகாவிட்டால் விட்டுவிடுங்கள். சரிசெய்யலாம்தான், ஆனால் ஆர்கான் பற்றி மேலே சொன்ன காரணத்தால் தெருமுனை வெல்டிங் பட்டறையில் கொடுக்க முடியாது.

விக்கிறவர்கிட்ட என்னன்னு கேக்கணும்? மெசேஜாவே எழுதிக் குடுங்க.

"வணக்கம். இப்போது மாட்டியிருக்கும் டயரின் நிஜ அகலம் வெர்னியரில் எவ்வளவு? காற்று அடித்த நிலையில் ஃபோர்க் கிரவுன், பின் பாலம், செயின்ஸ்டே மூன்று இடத்திலும் 6 மி.மீ. ஆலன் கீயை டயருக்கும் பிரேமுக்கும் நடுவே செருகி போட்டோ அனுப்ப முடியுமா? ரிம் பிரேக் என்றால் கட்டை ரிம்மில் படும் இடத்திலிருந்து போல்ட் வரை எத்தனை மி.மீ.? சீட் போஸ்டை இரண்டு அங்குலம் இறக்கி ஏற்றும் ஒரு சின்ன வீடியோவும் வேண்டும்."

மூன்று இடத்திலும் ஆலன் கீ தளர்வாக நுழைந்தால் இன்னும் ஒரு சுற்று பெரிய டயருக்கு இடமுண்டு. "அதெல்லாம் தாராளமா போகும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் போட்டோவைத் திரும்பவும் கேளுங்கள்.